முதலாளி தலைக்கு லாரல் கிரீடம்

லாரல் மரத்துக் காயை வேகவைத்து எடுத்த பச்சை எண்ணெயை, கொதிக்கிற சோப்புக் கொப்பரையில் ஊற்றுவது தங்கையின் வேலை. அந்த எண்ணெய் கலந்த சோப்பு சொறி சிரங்குக்குக் கேட்கும் என்று பாட்டன் காலத்திலிருந்து நம்பி வாங்குகிறார்கள். கொப்பரைக்குள் இருப்பதோ தோலை உரிக்கிற காரத் தண்ணீர். ஒருநாள் அது பொங்கித் தெறித்ததில் தங்கையின் வலது கண் போய்விட்டது.

விசாரிக்க வந்த அதிகாரியிடம், "அந்தப் பொண்ணு விளையாட்டா எட்டிப் பாத்துச்சு" என்று முதலாளி சொன்னார். அதே பட்டறையில் சோப்பை வில்லைகளாக வெட்டும் அக்காவின் காதில் அது விழுந்தது. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வருடம் ஏற்றுமதியில் பட்டறைக்கு முதல் பரிசு. மேஸ்திரி அக்காவைத் தேடி வந்தார்.

"அந்தக் காலத்துல ஜெயிச்சவன் தலையில லாரல் இலையத்தான் கிரீடமா வப்பாங்களாம். விழாவுல முதலாளிக்கு நீ வக்கணும்."

"நான் எதுக்கு?"

"உங்க குடும்பத்துக்கும் ஒரு மரியாதையா இருக்கும்ல. நடந்தத மறந்துடும்மா."

வாயை அடைக்க இலையா என்று நினைத்தாள். வீட்டில் தங்கை, "போய் வச்சுட்டு வாக்கா. கண்ணு போனது போச்சு, உன் வேலையும் போனா கஞ்சிக்கு எங்க போறது?" என்றாள். அந்தப் பொறுமைதான் அக்காவை இன்னும் எரித்தது.

மேடையில் முதலாளி வாகாகத் தலையைக் குனித்து நின்றார். கிரீடத்தின் இலைகள் அப்போதுதான் பறித்தவை.

"சீக்கிரம் வைம்மா. போட்டோக்காரர் நிக்கிறாரு."

"கொப்பரையில நிக்கிறவங்க கண்ணுக்குப் போட்டுக்கக் கண்ணாடி எப்ப வாங்குவீங்க?"

"அத அப்புறம் பேசிக்கலாம்."

"அப்ப கிரீடத்தையும் அப்புறம் வச்சுக்கலாம்."

மைக் பக்கத்திலேயே இருந்தது. பின்வரிசைப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். முதலாளி குனிந்த தலையை நிமிர்த்துவதற்குள் அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"என் தங்கச்சி விளையாட்டா எட்டிப் பாக்கல. எண்ணெய் ஊத்தச் சொன்னது இவரு. கண்ணாடி கேட்டப்ப, கண்ண மூடிக்கிட்டு ஊத்துன்னு சொன்னதும் இவருதான்."

கிரீடத்தை மேஸ்திரி கையில் திணித்துவிட்டு இறங்கி நடந்தாள்.

மறுநாள் காலை கொப்பரைக்கு அடியில் எந்தப் பெண்ணும் தீ மூட்டவில்லை. அதற்கடுத்த நாளும் மூட்டவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் பெட்டி நிறையக் கண்ணாடிகள் வந்து இறங்கின. அக்காவை மட்டும் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

"மன்னிப்பு கேட்டா உள்ள விட்டுடறேங்கறாரு" என்றார் மேஸ்திரி.

"யாரு, யார்கிட்ட?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள்.

வீட்டுக்கு வந்து, கண்ணாடி வந்துவிட்டது என்று தங்கையிடம் சொன்னாள்.

"யாருக்கெல்லாம்?"

"கொப்பரையில நிக்கிற எல்லாருக்கும்."

தங்கை கையிலிருந்த கரண்டியைச் சுவரில் வீசி அடித்தாள். "அந்த ஒரு கண்ணாடிய எனக்கு அன்னைக்கே குடுத்திருந்தா அவனுக்கு என்ன கொறஞ்சு போயிருக்கும்?" கண் போன நாளிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. தெருவே கேட்கும்படி முதலாளியைத் திட்டினாள். அக்கா அவளைத் தடுக்கவில்லை. எழுந்துபோய்க் கதவை இன்னும் அகலமாகத் திறந்து வைத்தாள்.