பொய் விரதம்

ரோஹிணியின் பக்தியைப் பற்றி முடிச்சூரில் அந்தத் தெருவே பேசியது. பேச வைத்தவள் மாமியார் கங்கையம்மாள். "இன்னா பக்தி பாரு எம் மருமவளுக்கு. சஷ்டி, கிருத்திகை, பிரதோஷம், ஒண்ணு வுடமாட்டா" என்று பார்ப்பவரிடமெல்லாம் பெருமையடித்தாள். கேட்கும்போதெல்லாம் ரோஹிணிக்கு உடம்பு கூசியது. பக்தியாவது மண்ணாங்கட்டியாவது. விரதம் என்று சொன்னால் புருஷன் சுகுமார் பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்குப் போய்விடுவான், அவ்வளவுதான் விஷயம்.

அவனைப் பிடிக்காமல் இல்லை. அதுதான் கொடுமை. பெண் பிறந்தபின், அடுத்தது இப்போதைக்கு வேண்டாமென்று கருத்தடை மாத்திரை ஆரம்பித்தாள். கொஞ்ச மாதத்தில் அந்த ஆசை இருந்த இடம் தெரியாமல் போயிற்று. அவன் கை தோளில் பட்டாலே, ஐயோ இன்றைக்குமா என்றிருக்கும். இதை எந்த வாயால் சொல்வது? ஒரு நாளும் முகம் சுளிக்காத மனுஷன். அதனால் முருகனை இழுத்தாள், அப்புறம் சிவனை. வாரத்துக்கு ஒரு சாமி சிக்கியது.

கார்த்திகை பிறந்ததும் சுகுமார் திடீரென்று சபரிமலைக்கு மாலை போட்டான். அப்போது அவளுக்கு வந்ததே ஒரு நிம்மதி, நினைத்தாலே அவமானம். "சாமி, சாமி" என்று புருஷனைக் கூப்பிட்டுக்கொண்டு சந்தோஷமாக இட்லி வைத்தாள்.

அவன் மலைக்குப் போயிருந்தபோது மனசு கேட்கவில்லை. டாக்டர் ஜெரூஷாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். "மாத்திரையால சிலருக்கு இப்படி ஆகலாம்மா, எல்லாருக்கும் இல்ல. வேற வழி மாத்திப் பாக்கலாம். முன்னாடியே வந்திருக்கலாமே" என்றார் டாக்டர்.

மலையிலிருந்து வந்த பஸ் விடியற்காலையில் அவனைப் பெருங்களத்தூரில் இறக்கிவிட்டது. ஸ்கூட்டியோடு காத்திருந்தாள். வீட்டுக்குப் போனால் மாமியார் மாலையைக் கழற்றிவிடுவாள், அவன் விரதம் முடிந்துவிடும். அதற்குள் சொல்லியாக வேண்டும். பேக்கரி வாசலில் டீ வாங்கிக் கொடுத்து, "சாமி, நான் இருந்த விரதமெல்லாம் பொய்" என்றாள்.

"தெரியும்" என்றான். "கிருத்திகை அன்னிக்கு இதே கடையில முட்டை பப்ஸ் சாப்ட்டுட்டு இருந்த. ஆபீஸ் பஸ்ல இருந்து பாத்தேன்."

"ஏங்க கேக்கல?"

"கேட்டு என்ன பண்றது? உனக்கு என்னைப் பிடிக்கல, சொல்ல முடியாம சாமி பேர்ல பொய் சொல்லிட்டிருக்கன்னு நெனச்சேன். நீ பொய் சொல்ல வேணாம்னுதான் நானே மாலை போட்டேன்."

பாவி, இதை மனசில் வைத்துக்கொண்டா இவன் தினமும் வாய்திறக்காமல் சாப்பிட்டு எழுந்தான்? நடுரோடு என்றும் பாராமல் அழுதாள். பிடிக்காமல் இல்லை, மாத்திரைதான், டாக்டரே சொன்னார் என்று திக்கித் திக்கிச் சொல்லி முடித்தாள்.

சுகுமார் குடிக்காமலே டீயைக் கீழே வைத்தான்.

"அந்த மாத்திரைய மாசாமாசம் நான்தானே ரோஹிணி வாங்கியாந்தேன்" என்றான். "நீ மறந்தாக்கூட நான் ஞாபகமா வாங்கியாந்தேனே."