டம்ளருக்குக் கம்பளிச் சட்டை

ஆவி முகத்தில் படுகிறது, மூக்குக் கண்ணாடி மங்குகிறது, என் இரண்டு கைகளுக்கும் நடுவில் டம்ளர் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, குன்னூர்க் குளிர் மனுஷங்களுக்கு மட்டுந்தானா, டம்ளருக்குக் குளிராதா என்று கேட்டவள் புஷ்பம், என் மனைவி, ஸ்வெட்டர் பின்னி மிஞ்சிய நூலில் ஒரு சாண்கூடத் தூக்கிப்போட மனம் வராதவள், அடைமழை நாளொன்றில் நூல் சேர்த்துவைத்த பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்து, மகள் பிரமிளாவின் பள்ளிக்கூட ஸ்வெட்டரில் மிஞ்சிய சிவப்பில் ஒன்றும் என் மப்ளரில் மிஞ்சிய சாம்பல் நிறத்தில் ஒன்றுமாகப் பின்னி முடித்தாள், சிவப்பு எனக்கு, சர்க்கரை போட்ட டீ, சாம்பல் உங்களுக்கு, போடாதது, டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கட்டும் என்றாள், எனக்கு ஞாபகம் இருந்தது, நாக்குக்குத்தான் இல்லை.

அவள் பால் பாத்திரத்தைக் கழுவத் திரும்பும் நேரம் போதும், இரண்டு சட்டைகளையும் உருவி மாற்றி மாட்டிவிடுவேன், முதலில் டம்ளர் சுட்டுப் பொசுக்கியது, விரலை ஊதிக்கொண்டே சாதுவாக உட்காருவேன், போகப்போகச் சுடவில்லை, கை பழகிவிட்டது என்று பெருமைப்பட்டேன், களவும் கற்று மற என்பார்கள், நான் கற்றதோடு நின்றுவிட்டேன், எதிரே புஷ்பம் சிவப்புச் சட்டை டம்ளரை முகம் சுளிக்காமல் குடித்து முடிப்பாள், இவளுக்கு நாக்கே கிடையாது என்று உள்ளுக்குள் சிரிப்பேன், பாவி நான்.

சிவப்பைப் பார்த்தால் பிரமிளா பனிக்குள் பள்ளிக்கூட ஏற்றத்தில் போகிறாள், இல்லை, அவள் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள், பனிக்குள் போவது டம்ளர், சிவப்புச் சட்டை போட்ட டம்ளர், அப்பா சீக்கிரம் வாங்க என்கிறது, ஓடுகிறேன், கால் தரையில் படுகிறதா என்றே தெரியவில்லை, மத்தியானத் தூக்கம் கலைந்து கண்ணைத் திறந்தால் புஷ்பம் என் கையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், விரல் நுனியெல்லாம் கொப்புளம், வலிக்கலையாங்க, இல்லையே, சொன்ன பிறகுதான் எனக்கே பயம் வந்தது. காலையில சட்டையை மாத்துறப்போ சுட்டிருக்கு, சுட்டதுகூட உங்களுக்குத் தெரியல என்றாள், உனக்குத் தெரியுமா புஷ்பம் என்றேன், மூணு மாசமா சப்புனு குடிக்கிறது நான்தானே, தெரியாமலா இருக்கும், ஏண்டி சொல்லல என்றேன், ஆசையா ஒரு வாய் குடிக்கிறாரேன்னு அரை ஸ்பூன் கொறைச்சுப் போட்டு விட்டுட்டேன், நானே உங்க விரலைக் கெடுத்துட்டேனே என்று என் கையில் முகத்தை வைத்து அழுதாள், திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சர்க்கரை வியாதி நரம்பைத் தின்றிருக்கிறது, விரலில் உணர்ச்சி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர், இனியாவது வாயைக் கட்டுங்கள், இல்லையென்றால் அடுத்தது கால் என்றார், வீட்டுக்கு வந்ததும் அவள் இரண்டு சட்டைகளையும் பிரித்தாள், சிவப்பு ஒரு வரிசை, சாம்பல் ஒரு வரிசை என்று இரட்டை நூலில் தடிமனாகப் பின்னினாள், இரண்டும் அச்சாக ஒன்று, இனி எதை எடுத்தாலும் ஒண்ணுதான், ரெண்டுலயும் சர்க்கரை இல்ல என்றாள், உனக்கு எதுக்கு இந்தத் தண்டனை என்றேன், எனக்குப் பழகிடுச்சுங்க என்றாள், அவளை நான் எத்தனை நேசிக்கிறேன் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

ஆவி முகத்தில் படுகிறது, கண்ணாடி மங்குகிறது, தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் டம்ளரை என் கையில் கொடுத்தாள், என் கைகளுக்கு மேல் அவள் கைகள் இருக்கின்றன, சூடா இருக்கா புஷ்பம் என்று கேட்கிறேன், இருக்குங்க என்கிறாள், நான் குடிக்கிறேன்.