நாலரை மணி வெந்நீர்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் தலையில் கட்டப்பட்டது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

குளிர் அதிகமான எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் மற்றவர்கள் எழுதுவதைத் திருத்துவது என் வேலை. காலநிலை மாற்றத்துக்கு நம் பங்காக ஏதாவது செய்வோம் என்று, மாணவர் விடுதியின் எண்ணெய்க் கொதிகலனை மூடிவிட்டு மொட்டைமாடியில் சூரிய வெந்நீர்த் தொட்டிகள் வைக்க முடிவெடுத்தார்கள். மூன்று துறைகள் சேர்ந்து அறிக்கை எழுதின. மூன்றும் மூன்று திசையில் இழுத்தன. "கொஞ்சம் ஒண்ணாக் கோத்துக் குடுங்க, ரெண்டு நாள் வேலை" என்றார்கள். ஏழு மாதம் ஆயிற்று.

2

முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். இயற்பியல் பேராசிரியரைக் கேட்டால் இப்படித் தொடங்கச் சொல்வார்: "வெயிலுக்குக் குறைவில்லை. அதைப் பிடித்துவைக்கத்தான் நமக்குத் தெரியவில்லை." பொருளியல் அம்மையார் அதை அடித்துவிட்டு எழுதுவார்: "எண்ணெய் மலிவாகக் கிடைக்கும்வரை யாரும் அண்ணாந்து பார்க்கமாட்டார்கள்." சமூகவியல்காரர் எதையும் அடிக்கமாட்டார். ஓரத்தில் பென்சிலால் "யாருக்கு?" என்று மட்டும் எழுதிவைப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

(அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் ஓரப் பென்சில். இதுவரை அவருக்குத் தெரியாது.)

நானும் ஒரு தொடக்கம் எழுதிப் பார்த்தேன்: "பூமி சூடாகிக்கொண்டிருந்த ஒரு காலைப்பொழுதில், தீயின் முன் ஒரு மனிதன்..." சேச்சே. அந்த மனிதன் என் அக்காவின் கணவர். படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்.

3

சண்டை எதைப் பற்றி என்றால், எண்ணெய். விடுதியில் செலவாகும் வெந்நீருக்கு வேண்டியதைவிட அதிக எண்ணெய் எரிந்துகொண்டிருந்தது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை.

"பழைய குழாய். வழியிலேயே சூடு போயிடுது" என்றார் இயற்பியல்.

"சும்மா கிடைக்குதுன்னா திறந்துவிட்டுட்டுப் போவாங்க" என்றார் பொருளியல்.

"பாவம், பிள்ளைங்களுக்குத் தனியா இருக்க வேற இடம் ஏது? குளியலறையிலயே நின்னுடுறாங்க" என்றார் ஓரப் பென்சில்.

பதினோரு கூட்டம் இப்படியே போயிற்று. கொதிகலனை இயக்குபவரை ஒரு கூட்டத்துக்கும் கூப்பிடவில்லை. அறிக்கையில் அவர் ஓர் அட்டவணையின் கடைசி வரி: "இயக்குபவர்: ஒருவர்." அந்த ஒருவர்தான் என் அத்தான். எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

4

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பிடும்போது இந்தப் புதிரைச் சொல்லிச் சிரித்தேன். அத்தான் சிரிக்கவில்லை.

"குழாயும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. நான்தான் நாலரைக்கே பத்தவெக்கிறேன்."

"பதிவேட்டுல ஆறுன்னு இருக்கே அத்தான்?"

"விதி ஆறு. அதனால ஆறுன்னு எழுதுறேன். அஞ்சு மணிக்குக் கழிப்பறை கழுவ வர்றவங்க ஐஸ் மாதிரி தண்ணியில கைய விட்டுக்கிட்டு நிக்கிறாங்க. பாத்துக்கிட்டு சும்மா இருக்கச் சொல்றியா?"

பதினாலு வருடமாக இது நடக்கிறது.

அக்கா கரண்டியை டங்கென்று வைத்தாள். "வெளியில மூச்சு விட்டே, அப்புறம் இந்த வீட்டுப் படி ஏறாதே. பென்ஷனுக்கு இன்னும் ரெண்டே வருஷம். பொய் எழுதினார்னு வேலையை விட்டு அனுப்பிட்டா என்னடி பண்ணுவோம்?"

வீட்டுக்கு வந்து அறிக்கையைப் புரட்டினேன். பதிவேட்டை நம்பி, ஆறு மணிக்கு முந்தைய வெந்நீர்ச் செலவை இயற்பியல் அளக்கவே இல்லை. பொருளியல் தன் கணக்கை அதே பதிவேட்டிலிருந்து போட்டிருந்தார். ஓரப் பென்சில் அறுபது பேரைப் பேட்டி கண்டிருந்தார், காலை பத்திலிருந்து மாலை நாலுவரை. கழுவுகிறவர்கள் அதற்குள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். எதிலும் ஒத்துப்போகாத மூவரும், தெரியாமலே, ஒரே பொய்யில் ஒத்துப்போயிருந்தார்கள்.

நான் வாயை மூடிக்கொண்டால், விடியற்காலைச் செலவு கணக்கில் சேராமல், தொட்டிகள் சிறிதாக வரும். முதல் குளிர்காலத்திலேயே விடியற்காலைத் தண்ணீர் சில்லிட்டுப்போகும். "சூரியனை நம்பினா இப்படித்தான்" என்று கொதிகலனைத் திரும்ப மூட்டிவிடுவார்கள். வாயைத் திறந்தால் அத்தான்.

5

இங்கே கதை மூன்று வாரம் நின்றது. அத்தானைக் கதையிலிருந்தே எடுத்துவிட்டுக் கொதிகலனுக்கு ஒரு தானியங்கி விசை வைத்துப் பார்த்தேன். கதை படுத்துவிட்டது. ஒரு வில்லனைக் கொண்டுவந்தேன், அவனுக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை.

கடைசியில் அத்தானே என் அறைக்கு வந்தார்.

"புதுசு வரட்டும்மா. இந்தப் புகையில நான் இருமின இருமல் போதும். தப்பு என் கையெழுத்துல இருக்கு. பழி சூரியன் மேல விழக்கூடாது. அவங்களைக் கூட்டிட்டு வா."

(கதாபாத்திரங்கள் இப்படி வந்து உதவினால் நான் நம்பமாட்டேன். நீங்களும் நம்ப வேண்டாம். ஆனால் வந்தார். செருப்பைக்கூட வாசலில் கழற்றிவிட்டு வந்தார்.)

மறுநாள் நாலரைக்கு மூவரும் கம்பளிக் குல்லாவோடு வந்து நின்றார்கள். அத்தான் தீயை மூட்டிவிட்டு, கடைசிக் கட்டடத்துக்குக் கூட்டிப்போய் மூன்று கைகளையும் குழாயில் வைக்கச் சொன்னார்.

"எடுக்காதீங்க. வரும்."

இருபத்தைந்து நிமிடம் ஆனது. அதற்குள் வாளிகளோடு ஏழு பெண்கள் வந்துவிட்டார்கள். "இவர் நாலரைக்குப் பத்தவெக்கிறதுக்கு முன்னாடி எப்படிச் சமாளிச்சீங்க?" என்று பொருளியல் அம்மையார் கேட்டார்.

"விரலு இருக்கா போச்சான்னு அப்பப்ப எண்ணிப் பாத்துக்குவோம்" என்றாள் ஒருத்தி. ஏழு பேரும் சிரித்தார்கள்.

ஓரப் பென்சில் சிரிக்கவில்லை. "அறுபது பேரைக் கேட்டேன். இவங்கள்ல ஒருத்தரைக்கூடக் கேக்கல" என்றார். அப்போதுதான் குழாய் சுட்டது. இயற்பியல் கடிகாரத்தைப் பார்த்தார், ஆனால் கையை எடுக்கவில்லை.

6

அறிக்கையில் தொட்டிகளின் அளவு கூடிவிட்டது. "ஆதாரம்" என்ற கட்டத்தில் மூவரும் தனித்தனியாக எழுதினார்கள்: "நேரில் பார்த்தேன்." ஏழு மாதத்தில் நான் திருத்தத் தேவையில்லாமல் வந்த வாக்கியம் இது ஒன்றுதான். அதன் கீழே அத்தான் எழுதினார்: "நாலரை மணி. எழுதியது தப்பு. செய்தது தப்பில்லை." கையெழுத்தும் போட்டார்.

அக்கா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. இன்று மதியம் எனக்கும் சேர்த்துச் சாப்பாடு கட்டி அத்தானிடம் கொடுத்தனுப்பினாள். பயம் போகவில்லை என்று தெரியும். எனக்கும் போகவில்லை.

இரண்டு முடிவுகள் எழுதிக் கிழித்தேன். ஒன்றில் அத்தானுக்கு மாலை போட்டார்கள், இன்னொன்றில் வேலையை விட்டு அனுப்பினார்கள். கோப்பு இப்போது பதிவாளர் மேசையில் இருக்கிறது; அத்தானை என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டியவர் அவர்தான். கவனித்தீர்களா, பதிவாளரை நான் இந்தக் கதைக்குள் கொண்டுவரவே இல்லை. அந்த நாற்காலியை உங்களுக்காக வைத்திருக்கிறேன். உட்காருங்கள். பேனா மேசை மேலேயே இருக்கிறது.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒன்றே ஒன்று. நாளைக் காலை நாலரைக்குக் கடைசிக் கட்டடத்துக்கு வாருங்கள். குழாயில் கையை வையுங்கள். எடுக்காதீங்க. வரும்.