உதடு மூடிய சிரிப்பு

லியான் ரொட்டித் துண்டுகளின் ஓரங்களை வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள். தகன மண்டபத்திலிருந்து சொந்தக்காரர்கள் கிளப்புக்கு வந்து சேருவதற்குள் தட்டுகள் மேசைக்குப் போயாக வேண்டும். ஓரத்தோடு ரொட்டியைக் கடிக்கக்கூடியவர்கள் அந்தக் குடும்பத்தில் குறைவு. மயோனீஸில் பிசைந்த முட்டை, காகிதம் போலச் சீவிய பன்றித்தொடை இறைச்சி, கஸ்டர்டில் ஊறி உருத்தெரியாமல் போன கேக். அப்பாவின் சாவு விருந்தில் என்னென்ன இருக்கலாம் என்பதைத் தீர்மானித்தவை வந்தவர்களின் தாடைகள்.

பாதிரியார் அவள் அப்பா டெரிக்கை உயிரோடு பார்த்ததில்லை. அதனால் சவப்பெட்டி மேல் வைத்திருந்த படத்தைப் பார்த்துத்தான் பேசினார். டெரிக் ஆர்ப்பாட்டமில்லாதவர், புன்னகையைக்கூட அளந்துதான் கொடுப்பார் என்றார். கிரிம்ஸ்பி துறைமுகத்தில் டெரிக்கின் சிரிப்புச் சத்தம் மூன்று கிடங்கு தாண்டிக் கேட்கும். கேமராவைக் கண்டால் மட்டும் உதட்டை மூடிக்கொள்வார். முன்வரிசை முழுவதும் அதேபோல் உதட்டை மூடிக்கொண்டு பாதிரியாருக்குத் தலையாட்டியது.

கூட்டம் வர ஆரம்பித்தது. வாசல் மேசையில் சிவப்பு இதயம் அச்சடித்த உண்டியல் இருந்தது. பூக்கள் வேண்டாம், அந்தக் காசை ஏதாவது நல்ல காரியத்துக்குக் கொடுங்கள் என்று பத்திரிகையில் போடுவது ஊர் வழக்கம். எந்த நோயில் போனாரோ அந்த நோய்க்கான சங்கத்துக்கு என்பது சொல்லாமலே தெரியும். எதற்கு என்று சவ அடக்கக்காரர் கேட்டபோது, லியானின் அம்மா ஜேனிஸ் கண் சிமிட்டாமல், "இதயத்துக்கு" என்றாள்.

அது பொய்யென்றும் சொல்லிவிட முடியாது. மருத்துவமனையிலிருந்து சொந்தக்காரர்களுக்கு முதல் ஃபோனைப் போட்டபோதே ஜேனிஸ் சொன்னது, "இதயம் நின்னு போச்சு" என்பதுதான். எல்லாருக்கும் கடைசியில் நிற்பது அதுதானே. கடைவாய்ப் பல்லில் கட்டிய சீழ் தாடைக்கு இறங்கி, கழுத்துக்கு இறங்கி, ரத்தத்தில் கலந்து, அதற்குப் பிறகுதான் இதயத்தின் முறை வந்தது என்கிற முன்கதையை அவள் விட்டுவிட்டாள். 

லியானும் விட்டுவிட்டாள். மீன் பதப்படுத்தும் ஆலையில் மேற்பார்வைக்காரியிடம் லீவு கேட்டபோது, "இதயம்" என்றதும் அந்தப் பெண்ணின் முகம் முறைப்படி வாடியது. "பல்" என்று சொல்லியிருந்தால்? முதலில் ஒரு நொடி அந்த முகம் சிரிப்பை அடக்கியிருக்கும். அடுத்த நொடி, அப்படியென்ன பல் தேய்க்காத குடும்பம் என்று நினைத்திருக்கும். அந்த இரண்டு நொடிகளுக்குப் பயந்துதான் அம்மாவும் மகளும் ஓர் உறுப்பை மாற்றிச் சொன்னார்கள்.

ஜேனிஸுக்கு அந்தப் பயம் கொஞ்சம் கூடுதல். அவள் சாயங்காலங்களில் துடைத்துப் பெருக்குவது ஒரு பல் மருத்துவமனையை. முன்பு அங்கே அரசுக் கட்டணத்தில் பார்த்தார்கள். குடும்பமே அங்கேதான் போனது. பிறகு ஷிப்ட் மாறி மாறி டெரிக் குறித்த நாளில் இரண்டு முறை போக முடியாமல் போக, பட்டியலிலிருந்து அவர் பேரை அடித்துவிட்டார்கள். அதற்கும் பிறகு மருத்துவமனையே தனியார் கட்டணத்துக்கு மாறி, வாசலில் வெள்ளைப் பல் காட்டும் ஒரு ஜோடியின் படத்தை மாட்டியது. வேறு எங்கே கேட்டாலும் அரசுக் கட்டணத்தில் புது நோயாளிகளைச் சேர்ப்பதில்லை என்றார்கள். டெரிக் கிராம்பு எண்ணெய் தடவினார், விஸ்கியால் கொப்பளித்தார், ஒரு ஞாயிற்றுக்கிழமை குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்ப் பாதிப் பல்லோடு வெளியே வந்தார். ஜேனிஸின் கைப்பையில் அந்த மருத்துவமனையின் சாவி இருந்தது. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளேன் என்று லியான் சொன்னாள். நம்ம வீட்டு வாயை அவர்கிட்ட எப்படிக் காட்டுறது என்று கூசி ஜேனிஸ் கேட்காமலே இருந்துவிட்டாள்.

லியான் டீத் தட்டோடு கூடத்துக்குள் போனாள். பெரில் அத்தை பாதிரியார் பேச்சை மெச்சிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அப்பாவின் தம்பி நெவில். குளிர்பதனக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். கழுத்தில் மஃப்ளரைக் காதுவரை சுற்றியிருந்தார்.

"பாரு இவன," என்றாள் பெரில் அத்தை. "அண்ணன் போன துக்கத்துல கேக்கு முழுசையும் ஒரு கன்னத்துல ஒதுக்கி வெச்சிருக்கான்."

நெவில் மூக்கால் சிரித்தார். "வெறும் பல்லுதான். நாலு நாள்ல அதுவே வடிஞ்சிரும். டெரிக் மாதிரி நெஞ்சுக்குள்ள ஏதாச்சும்னாத்தான் பயம்."

அவர் முன்னாலிருந்த டீ ஆடை கட்டிவிட்டது. குடித்த அடையாளமே இல்லை. எச்சிலை விழுங்காமல் கைக்குட்டையில் ஒற்றி எடுத்தார். லியான் தட்டை வைக்கும் சாக்கில் குனிந்து பார்த்தாள். மஃப்ளருக்குக் கீழே தாடையின் அடிப்பகுதி பலகைபோல இறுகி, சிவந்து பளபளத்தது. அப்பாவுக்கும் அந்த இடத்தில்தான் பளபளத்தது. அதற்கு மறுநாள்தான் அவருக்கு நடுக்கம் வந்தது.

அவள் நேராக அம்மாவிடம் போனாள். ஜேனிஸ் உண்டியலுக்குப் பக்கத்தில் நின்று, வருகிறவர்களிடம் கை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, சித்தப்பா கழுத்தப் பாத்தியா?"

"குளிர்ல வேல பாக்கறவன். மஃப்ளர் போடாம என்ன செய்வான்?"

"அம்மா."

ஜேனிஸ் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். எல்லார் கையிலும் டீ, எல்லார் முகத்திலும் இதயம். "இன்னிக்கு ஒரு நாள் விடுடி," என்றாள் மெதுவாக. "இன்னிக்கு மட்டும் அவரு மத்தவங்க மாதிரி செத்தவரா இருக்கட்டும்."

லியான் சமையலறைக்குத் திரும்பினாள். மிச்சமிருந்த ரொட்டியின் ஓரத்தை வெட்டினாள். அடுத்ததையும் வெட்டினாள். பிறகு கத்தியை வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போய், வெந்நீர்க் கேத்தலைத் தூக்கித் தரவேண்டும் என்று சொல்லி நெவிலைக் கூட்டிவந்தாள். கேத்தல் காலியாக இருந்தது. அவர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"அப்பா இதயத்துல சாகல, சித்தப்பா."

"என்ன கண்ணு சொல்ற?"

"பல்லுல செத்தாரு."

நெவிலின் முகத்தில் அந்த முதல் நொடி வந்தது. உதட்டோரம் சிரிப்பு எழுந்து, வீக்கத்தில் இடித்து நின்றது. சொந்தத் தம்பிக்கே அது வரும் என்று லியான் எதிர்பார்க்கவில்லை. அவள் காது சூடானது. ஆனாலும் தரையைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே போனாள். முதலில் கன்னம் வீங்கியது. அப்புறம் வீக்கம் கீழே இறங்கியது. அப்புறம் எச்சில் விழுங்க முடியவில்லை. காலையில் பார்த்துக்கலாம் என்று படுத்தார். ஆம்புலன்ஸ்காரர் வாயைத் திறக்கச் சொன்னபோது திறக்க முடியவில்லை. அப்போதும் அவர் கையால் வாயை மறைக்கத்தான் பார்த்தார்.

நெவில் கைக்குட்டையை மடித்தார். மறுபடி பிரித்தார்.

"அண்ணிக்குத் தெரியுமா?"

ஜேனிஸ் காலிக் கோப்பைகளோடு வாசற்படியில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. கூடத்திலிருந்து யாரோ இருமும் சத்தம் வந்தது.

"ஏன் அண்ணி எங்கிட்டகூடச் சொல்லல?"

"என்னன்னு சொல்லச் சொல்ற, நெவில்?" ஜேனிஸின் குரல் உயரவில்லை. "டெய்லி அந்த நாற்காலிய நான்தான் தொடைக்கிறேன். அதுல அவர உக்கார வெக்கணும்னு கேக்க வாய் வரல எனக்கு."

நெவில் காலிக் கேத்தலை அடுப்பு மேல் வைத்தார், அதில் தண்ணீர் இருப்பதுபோல, கவனமாக. நாளைக்குக் காலையில் ஷிப்ட் இருக்கிறது, லீவு போட்டால் வேலை போய்விடும் என்று ஏஜென்ஸிக்காரன் போன மாதமே எச்சரித்துவிட்டான், வேலை முடிந்ததும் நேரே மருத்துவமனைக்குப் போய்விடுகிறேன் என்றார். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை எச்சிலை ஒற்ற வேண்டியிருந்தது.

"இப்பவே போணும் சித்தப்பா."

"சாவு வீட்டுலேருந்து பாதில எந்திரிச்சுப் போனா, கேப்பாங்கல்ல? என்னன்னு சொல்றது?"

ஜேனிஸ் கோப்பைகளை இறக்கி வைத்துவிட்டு வெளியே போனாள். கதவு ஆடி நிற்பதற்குள் கூடத்தில் அவள் குரல் கேட்டது. பெரில் அத்தை ஏதோ கேட்கிறாள். ஜேனிஸ் பதில் சொல்கிறாள். என்ன சொன்னாள் என்பது சமையலறைக்குக் கேட்கவில்லை. ஆனால் கூடத்தில் இருந்த அத்தனை பேச்சும் ஒரே சமயத்தில் நின்றதும், கரண்டி ஒன்று கோப்பையில் படும் சத்தம் மட்டும் மிஞ்சியதும் கேட்டன. லியானுக்கு அந்தப் பக்கம் பார்க்கத் தைரியம் வரவில்லை.

ஜேனிஸ் நெவிலின் மேல்கோட்டோடு திரும்பி வந்தாள். முகம் கழுத்துவரை சிவந்திருந்தது. கோட்டை விரித்துப் பிடித்தாள். அவர் குழந்தைபோல ஒவ்வொரு கையாக நுழைத்தார். அவள் அவர் முன்னால் வந்து நின்று, யார் கண்ணையும் பார்க்காமல், கீழேயிருந்து பொத்தான்களைப் போட்டுக்கொண்டே வந்தாள். மேல் பொத்தானுக்கு வந்ததும் அவள் விரல்கள் நின்றன. தாடையில் படும் என்று அதை மட்டும் போடாமல் விட்டாள்.