முதுகில் ஓட்டை போட்ட சட்டை

தன் அணிக்கு எதிராகக் கோல் விழவேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் ஆட்டக்காரனை எந்த ஊரிலும் செருப்பால் அடிப்பார்கள். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு ஜோசிமார் அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தான்.

காரணம் இல்லாமல் இல்லை. பெஞ்சுக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் அவனுடைய அம்மா லிந்தால்வா உட்கார்ந்திருந்தாள். பிரேசிலில் சியாராவை விட்டு அசையாதவள், விமானம் என்றாலே வயிற்றைக் கலக்குகிறது என்று பதினாறு வருஷம் சாக்குச் சொன்னவள். கஜகஸ்தானில் மகன் குளிரில் விறைத்தபோது வரவில்லை. இத்தாலியில் கோப்பையைத் தூக்கியபோதும் வரவில்லை. இந்த சீசனோடு அவன் ஆட்டத்துக்கு முழுக்குப் போடுகிறான் என்று தெரிந்ததும்தான், மூன்று விமானம் மாறி, ஸ்பெயினில் கலீசியாவின் இந்தத் துறைமுக ஊருக்கு வந்து சேர்ந்தாள். வெளிநாட்டில் மகன் ஆடுவதை அவள் நேரில் பார்க்க இருந்தது இந்த ஒரே ஆட்டம்தான். அந்த ஆட்டத்தில் அவன் ஆடுவானா என்பதே சந்தேகமாக இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வலது முழங்கால் பிய்ந்துபோனதிலிருந்து ஜோசிமாருக்கு அணியில் ஒரே ஒரு வேலைதான். உள்ளரங்கக் கால்பந்தில் பக்கத்துக்கு ஐந்து பேர். கடைசி நேரத்தில் கோல் வேண்டுமென்றால், கோல்கீப்பரை வெளியே கூப்பிட்டுவிட்டு அவர் இடத்தில் கால் சாமர்த்தியம் உள்ள ஒருவனை இறக்குவார்கள். அவன் தன் கோலைக் காலியாகப் போட்டுவிட்டு மேலே வந்து பந்தைப் பிரித்துக் கொடுப்பான். ஓட வேண்டியதில்லை, மூளையும் பாதமும் போதும். முப்பத்தேழு வயதில் ஜோசிமாரிடம் மிச்சம் இருந்தவை அவை இரண்டும்தான். ஆக, அணி ஜெயித்துக்கொண்டிருந்தால் அவனுக்கு வேலை கிடையாது. அணியோ மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்துக்கொண்டிருந்தது. இன்னும் ஆறு நிமிஷம்.

சும்மா ஒரு நிமிஷம் இறக்கிவிடலாமே என்றால், ஆட்டம் அப்படிப்பட்டது. சீசனின் கடைசி ஆட்டம்; ஜெயித்தால் அணி இந்தப் பிரிவிலேயே இருக்கும், சமன் ஆனாலும் கீழே போகும். கேப்டன் ரோய் தண்ணீர் குடிக்க வந்தபோது கோச்சின் காதருகே குனிந்தான்.

"ஆன்ஷோ, அவங்கம்மா வந்திருக்காங்க. ஒரு நிமிஷம் இறக்கி விடேன்."

"எங்கம்மாவும்தான் வந்திருக்கா. அவளையும் இறக்கட்டுமா?" என்றார் ஆன்ஷோ, கண்ணை ஆட்டத்திலிருந்து எடுக்காமலே. "ஒரு நிமிஷத்துல மூணு கோல் விழும்டா இந்த ஆட்டத்துல. போ, போய் உன் ஆளப் புடி."

கோச் சொன்னதில் தப்பே இல்லை. ஜோசிமாருக்கும் அது தெரியும். தெரிந்தும் வேண்டிக்கொண்டான் என்பதுதான் அவனை அரித்தது. இந்த ஊர் அவனுக்கு என்ன குறை வைத்தது? பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு பையோடு மழையில் வந்து இறங்கியவனை உஷியா தன் சாப்பாட்டுக் கடைக்குள் இழுத்து உட்காரவைத்து, பேர் கேட்பதற்கு முன்னால் கீரை சூப்பை வைத்தாள். அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாடு அவள் கடையில்தான். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அணிப் பையன்கள் நாளுக்கு ஒருத்தனாக முறை போட்டுக்கொண்டு வந்து அவனைக் குளிப்பாட்டினார்கள். வேறு கிளப்பாக இருந்தால் பெட்டியைக் கட்டச் சொல்லியிருப்பார்கள். இங்கே அவனுக்கென்று ஒரு வேலையைக் கண்டுபிடித்தார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு எதிராகக் கோல் கேட்கிறோமே என்று நினைக்கும்போது அவனுக்கே தன்மேல் வெறுப்பாக இருந்தது. வாய் மட்டும் நிற்கவில்லை. ஒன்றே ஒன்று சாமி. சரி, இரண்டு.

நாலு நிமிஷம் இருக்கும்போது ஒன்று விழுந்தது. மூன்றுக்கு இரண்டு.

வந்தது சந்தோஷமா பயமா என்று ஜோசிமாருக்கே பிடிபடவில்லை. கோல்கீப்பர் பிராய்ஸ், இருபத்திரண்டு வயதுப் பையன், பந்தை வலையிலிருந்து எடுத்துத் தரையில் ஓங்கி அடித்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் ஜோசிமார் வேண்டுதலை அப்படியே திருப்பிப் போட்டான். வேண்டாம் சாமி, போதும், தெரியாமல் கேட்டுவிட்டேன். ஆனால் கேட்டது கேட்டதுதான். இரண்டு நிமிஷமும் சில்லறை நொடிகளும் இருக்கும்போது, யாரோ ஒருவன் காலில் பட்டுத் திசை மாறிய பந்து பிராய்ஸின் தோளை உரசிக்கொண்டு உள்ளே போனது. மூன்றுக்கு மூன்று. அரங்கத்தில் ஐந்நூறு பேரும் வாயடைத்துப் போனார்கள்.

"ஜோசி," என்றார் ஆன்ஷோ. "சட்டையைப் போடு."

கோல்கீப்பர் இடத்தில் இறங்குகிறவன் கோல்கீப்பர் நிறத்தில் சட்டை போடவேண்டும், ஆனால் முதுகில் தன் சொந்த எண் தெரியவேண்டும். அதனால் பழைய பச்சைச் சட்டை ஒன்றின் முதுகில் சதுரமாக வெட்டிவிட்டிருந்தார்கள். ஜோசிமார் அதைத் தன் சட்டைக்கு மேலே மாட்டிக்கொண்டு, பிராய்ஸ் வெளியே வந்ததும் உள்ளே போனான். வழியில் பிராய்ஸின் கை அவன் கையைத் தட்டியது.

அப்போதுதான் மூன்றாவது வரிசையிலிருந்து லிந்தால்வாவின் குரல் கிளம்பியது. போர்த்துகீசில்தான் கத்தினாள். தங்கள் பேச்சும் ஏறக்குறைய அதேதான் என்பதால் கலீசியாக்காரர்களுக்கு அதைப் புரிந்துகொள்ள ஆள் வைக்க வேண்டியதில்லை.

"அடப்பாவிகளா! எம்புள்ளைய கோல்கீப்பரா ஆக்கிட்டீங்களே!"

அவளுடைய தெருவில் ஆடத் தெரியாதவனைத்தான் கோலில் நிறுத்துவார்கள். அரங்கமே திரும்பிப் பார்த்தது.

"அதுவும் கிழிஞ்ச சட்டை! வேற நல்ல சட்டை இல்லையா உங்க ஊர்ல?"

"கிழியல அம்மா, நான்தான் கத்திரிக்கோலால வெட்டினேன்!" என்று பக்கத்திலிருந்த உஷியாவும் பதிலுக்குக் கத்தினாள். "நம்பர் தெரியணும்ல!"

"அதுக்கு ஒரு நம்பரத் தச்சிருக்கலாம்ல? சோம்பேறி!"

ஒரு நொடிக்கு முன்னால் செத்துக்கிடந்த அரங்கம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. ரெஃப்ரியே வாயைப் பொத்திக்கொண்டார். ஜோசிமாருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்ததில் காலில் இருந்த இறுக்கம் விட்டது. பந்தைப் பாதத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு நின்றான்.

கோல்கீப்பரை விட்டால் எதிரே நாலு பேர், இந்தப் பக்கம் ஐந்து. முதுகுக்குப் பின்னால் காலிக் கோல். ஒரு பாஸ் தவறினால் யார் வேண்டுமானாலும் அரைக் களத்திலிருந்து உருட்டிவிடலாம், ஒரு வருஷ உழைப்பு அதோடு போகும். ரோய்க்குக் கொடுத்தான், திரும்ப வாங்கினான். இடதுபக்கம் கொடுத்தான், திரும்ப வாங்கினான். எதிரணிக்காரர்கள் பந்து போன பக்கமெல்லாம் சேர்ந்து நகர்ந்தார்கள். அவசரப்படவில்லை அவன். இதைச் செய்யத்தான் பதினாறு வருஷம் நாடு நாடாகச் சுற்றியிருக்கிறான். ஐந்தாவது முறை பந்து வந்தபோது இடதுபக்கம் பார்த்தான். அவன் கண்ணை நம்பி ஒருத்தன் இடதுபக்கம் அரை எட்டு வைத்தான். அந்த அரை எட்டு போதும். பந்து இரண்டு பேருக்கு நடுவே, தரையோடு தரையாக, வலது கம்பத்துக்குப் போனது. அங்கே ரோய் நின்றிருந்தான். அவன் செய்யவேண்டியிருந்தது காலை வைப்பது மட்டும்தான்.

நாலுக்கு மூன்று.

எல்லோரும் ரோய்மேல் விழுந்தார்கள். ஜோசிமாருக்கு அந்தக் குவியலில் விழக்கூட நேரம் கிடைக்கவில்லை. "வெளிய வா! பிராய்ஸ், உள்ள!" என்று ஆன்ஷோ கத்தினார். ஜெயித்துக்கொண்டிருக்கும் அணிக்கு நிஜ கோல்கீப்பர்தான் வேண்டும். ஜோசிமார் களத்தில் இருந்தது ஐம்பத்தோரு நொடி. அம்மா கடல் தாண்டி வந்து பார்த்தது அவ்வளவுதான். ஆனால் பார்த்தாள். பச்சைச் சட்டையைக் கழற்றிக்கொண்டே பெஞ்சுக்கு வந்து, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். மிச்ச நேரம் முழுக்க நிமிரவே இல்லை. தன்னால் வந்த வினை தன்னோடு போகட்டும், இந்தப் பையன்களுக்கு ஒன்றும் ஆகவேண்டாம் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசி மணி அடித்தபோது யாரோ அவனைத் தூக்கினார்கள். பிராய்ஸ்தான்.

உடைமாற்றும் அறைக்குப் போகும் நடையில் ஒரே கூச்சல். பிராய்ஸ் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அண்ணே, உங்கம்மாவுக்காகத்தான் ரெண்டு விட்டேன். போதுமா, இன்னொண்ணு விட்டிருக்கணுமா?" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். ஜோசிமாருக்கு அது சுருக்கென்று தைத்தது. ரோயின் கோல் மட்டும் விழாமல் போயிருந்தால் இந்த இரண்டு கோலால் அணி கீழ்ப்பிரிவுக்குப் போயிருக்கும், அந்தப் பையன் காலம் முழுக்கத் தன்னையே நொந்துகொண்டிருப்பான். பிராய்ஸின் தலையைப் பிடித்து உச்சியில் முத்தம் கொடுத்தான்.

நடையின் கோடியில் லிந்தால்வா நின்றுகொண்டிருந்தாள். உஷியாவின் கம்பளிக் கோட்டு அவளுக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கியது. மகனைக் கட்டிக்கொண்டு ஒரு மூச்சு அழுதாள்.

"நல்லா ஆடினடா ராசா. கோல்கீப்பரா இருந்தாலும் நல்லா ஆடினே."

அவனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அவளைச் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு போய், குரலைத் தாழ்த்தினான்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். நான் பெரிய தப்புப் பண்ணிட்டேன். நீ பாக்கணும்னு... எங்க மேல கோல் விழணும்னு வேண்டிக்கிட்டேன். இவங்க எனக்கு எவ்வளவு செஞ்சிருக்காங்க தெரியுமா? அவங்களுக்குப் போய்..."

லிந்தால்வா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு நடையில் யாராவது கேட்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள்.

"நீயுமா?" என்றாள்.

"என்னம்மா?"

"சமன் ஆனாத்தான் உன்னை இறக்குவாங்கன்னு உஷியா சொன்னா. நம்ம கனிந்தே ஊர்ப் பிரான்சிஸ் சாமிகிட்ட நானும்தான்டா வேண்டிக்கிட்டேன். ஒரு மாசம் அவரப் போலவே பழுப்பு அங்கி போட்டுக்கறேன், நடந்தே கோயிலுக்கு வரேன்னு. ஆனா நான் கறாரா சொல்லிட்டேன். ரெண்டே ரெண்டு. மூணாவது விழுந்துச்சுன்னா அங்கியும் கிடையாது, மெழுகுவத்தியும் கிடையாதுன்னுட்டேன்."

ஜோசிமாருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்தான்.

"வா, அந்தக் கோல்கீப்பர் பையன்கிட்ட ரெண்டு பேருமா மன்னிப்புக் கேட்டுடுவோம்."

"உனக்கென்ன பைத்தியமா?" லிந்தால்வா கையை உதறினாள். "மன்னிப்புக் கேட்டா ஏன்னு கேப்பான். நன்றி மட்டும் சொல்லு. எல்லார்கிட்டயும் சொல்லு. ஒருத்தரையும் விட்டுடாதே."