நான்காவது நட்டு கழலும்வரை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை. என் கணவன் தெல்ஃபோரின் கையிலிருந்த அரத்தில் பிறந்தது. நாங்கள் புவெனோஸ் ஐரிஸின் புறநகரில் குடியிருந்தபோது எங்கள் காரின் சக்கரங்களை இரண்டு முறை களவாடிவிட்டார்கள். காலையில் எழுந்து பார்த்தால் கார் செங்கல்மேல் உட்கார்ந்திருக்கும். அங்கே எல்லோருக்கும் நடப்பதுதான். மற்றவர்கள் பூட்டு வைத்த நட்டுகளை வாங்கிப் போட்டார்கள். இவன் மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு நட்டை அரத்தால் ராவி, அதன் முனைகளை எல்லாம் மழுக்கிக் கோலிக்குண்டு மாதிரி ஆக்கிவிட்டான்.

"இனிமே எவன் ஸ்பானரும் இதைப் பிடிக்காது," என்றான்.

"பஞ்சர் ஆனா நீ எப்படிக் கழட்டுவ?"

"அப்போ பார்த்துக்கலாம்."

அந்த 'அப்போ' வந்ததுதான் கதை.

2

தொடக்கம், முதல் வரைவு: "ஃப்ரீயாஸ் நகரத்தின் மேல் வெயில் ஒரு..."

வேண்டாம். எங்கள் ஊர் வெயிலை வர்ணிக்கப் போனால் பாதிக் கதை அதிலேயே போய்விடும். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

இரண்டாம் வரைவு: "தொலைபேசி அடித்தபோது சுனில்டா தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தாள். தன் வாழ்க்கை இனிமேல் அவள்..."

இதுவும் வேண்டாம். சுனில்டா நான்தான். என்னை நானே 'அவள்' என்று எழுதினால் செத்துப்போன யாரையோ பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கிறது.

நேராகவே சொல்கிறேன். நாங்கள் சொந்த ஊரான ஃப்ரீயாஸுக்கே திரும்பிவிட்டோம். அதே கார், அதே நட்டுகள். அதற்குள் என் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டுவிட்டன. ஒன்றுவிட்டு ஒரு நாள் இயந்திரம்தான் என் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. ஒரு மதியம் துக்குமான் நகரத்துப் பெரிய மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார்கள். எனக்குப் பொருந்துகிற சிறுநீரகம் ஒன்று கிடைத்திருக்கிறது, இருட்டுவதற்குள் வந்துவிட வேண்டும், வராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

போய்ச் சேரவே சில மணி நேரம் பிடிக்கும். தெல்ஃபோர் அடுப்பைக்கூட அணைக்காமல் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான். (அடுப்பை நான் அணைத்தேன்.)

3

இரண்டு தெரு தாண்டவில்லை, முன்சக்கரம் தடதடவென்று அடித்துக்கொண்டது. முள்.

[பஞ்சர் ஆன இடத்துக்கு நேர் எதிரிலேயே பஞ்சர் கடை. இவ்வளவு வசதியான தற்செயலை எழுதினால் சிரிப்பீர்கள் என்று தெரியும். என்ன செய்வது, எங்கள் ஊரின் அளவு அவ்வளவுதான். அதுவும் கடை சாத்திக் கிடந்தது. மதியத் தூக்க நேரம்; சாயங்காலம்வரை எங்கள் ஊரில் நாய்கூடக் குரைக்காது. 'வேறு வண்டி கிடைக்கவில்லையா?' என்பீர்கள். ஆம்புலன்ஸ் ஒரு பிரசவத்துக்காகப் பக்கத்துக் கிராமத்துக்குப் போயிருந்தது. வாடகைக் கார்க்காரர் போனை அணைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.]

தெல்ஃபோர் ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கினான். பிறகு நட்டைத் திருப்பினான். நட்டோடு சேர்ந்து சக்கரமும் சுற்றியது.

"தரையில இருக்கும்போதே நட்டை இளக்கணும்னு எனக்கே தெரியுமே!"

"நீ பேசாத, உனக்குப் பிரஷர் ஏறும்."

"ஏறினா ஏறட்டும், முதல்ல கீழ இறக்கு!"

இறக்கினான். மூன்று நட்டுகள் சமர்த்தாக இளகிக்கொடுத்தன. நான்காவதில் ஸ்பானர் வழுக்கி வழுக்கிச் சுற்றியது. தான் செய்து வைத்த வேலை அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. அந்த முகத்தைப் பார்த்த பிறகு அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. (பிறகு வந்தது.)

4

நிக்கானோர் என்கிற பாத்திரத்தைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். இவன்தான் பஞ்சர் கடைக்காரன். முந்தைய வரைவில் அவனைத் தங்கமான மனுஷனாக எழுதியிருந்தேன்: "கதவைத் திறந்த நிக்கானோரின் கண்களில் கருணை..." அடித்துவிட்டேன். நிஜத்தில், நாங்கள் கடைக் கதவைத் தட்டித் தட்டி எழுப்பியபோது அவன் அரைக்கால் சட்டையோடு, கன்னத்தில் தலையணைக் கோடு பதிந்திருக்க, கதவைத் திறந்து கேட்டது இதைத்தான்:

"எவன் செத்தான்?"

"இன்னும் யாரும் சாகல. நீ சீக்கிரம் வந்தா நானும் சாகாம இருப்பேன்."

விஷயத்தைச் சொன்னோம். குனிந்து நட்டைப் பார்த்தான்.

"எந்த மடையன் பார்த்த வேலைடா இது?"

"திருடனுங்களுக்காக..." என்று இழுத்தான் தெல்ஃபோர்.

"திருடனா? இந்த ஊர்ல எந்தத் திருடன்யா மத்தியானத்துல முழிச்சிருக்கான்?"

திட்டிக்கொண்டேதான் ஸ்பானர் முனையில் மாட்டுகிற ஒரு சின்ன சாக்கெட்டைத் தேடி எடுத்தான், நட்டின்மேல் வைத்து சுத்தியலால் அடிக்க ஆரம்பித்தான்.* டங், டங் என்று தெருவே அதிர்ந்தது. மதியத் தூக்கத்தில் இப்படிச் சத்தம் போட்டவனை எங்கள் ஊர் லேசில் விடாது. எதிர்வீட்டு எர்சீலியா அக்கா ஜன்னலைத் திறந்து கத்தினாள்.

"அறிவுகெட்டவனுங்களா! மனுஷங்க தூங்க வேணாமா?"

"அக்கா, எனக்குக் கிட்னி கிடைச்சிருக்கு! துக்குமான் போகணும், இந்த நட்டு கழல மாட்டேங்குது!"

ஜன்னல் படாரென்று மூடியது. அடுத்த நிமிடம் அக்கா இரவு உடையோடு தெருவில் நின்றாள்.

"அப்புறம் ஏன்டா அதைத் தடவிக்கிட்டு இருக்க? ஓங்கி அடி!"

ஒவ்வொரு கதவாகத் திறந்தது. யாரோ என் தலைக்குமேல் குடை பிடித்தார்கள். எனக்குத் தண்ணீர் அளவுதான் என்று தெரிந்த ஒருத்தி ஐஸ் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து வாயில் போட்டாள். தெரு மொத்தமும் "அடி! அடி!" என்று கூவியது. சாக்கெட் நட்டைக் கவ்வியதும் தெல்ஃபோர் ஸ்பானர்மேல் ஏறியே நின்றான். கிரீச்சென்று ஒரு சத்தம். போல்ட்தான் முறிந்துவிட்டது என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"வந்துருச்சு! வந்துருச்சு!"

அப்பாடா! தெல்ஃபோர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான். நிக்கானோர் ஸ்டெப்னியை மாட்டி, தன் தகர டப்பாவிலிருந்து ஒரு நல்ல நட்டைப் போட்டு முடுக்கினான்.

"அழுறதா இருந்தா வண்டி ஓட்டிக்கிட்டே அழு. கிளம்பு."

* மழுங்கிய நட்டைவிடக் கொஞ்சம் சிறிய சாக்கெட்டாகப் பார்த்து அடித்து இறக்கினால் அது கவ்விக்கொள்ளும். திருப்பிக் கழற்றிய பிறகு நட்டைச் சாக்கெட்டுக்குள்ளிருந்து தட்டி எடுக்க வேண்டும். கதை பிடிக்காதவர்களுக்கு இதாவது மிஞ்சட்டும்.

5

முடிவு, ஒன்று: "நட்டு கழலவில்லை. கடைகள் திறந்த நேரத்தில் வெயில் சாய்ந்து..."

தோளுக்குப் பின்னால் நின்று தெல்ஃபோர் இதைப் படித்துவிட்டான்.

"இதை எழுதாத."

"கதைதானேடா."

"கதையா இருந்தாலும் வேணாம்."

சரி, விட்டுவிட்டேன். மழுக்கியவனுக்கு அந்த உரிமைகூட இல்லையா என்ன.

முடிவு, இரண்டு. இது நடந்தது. இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்தோம். மருத்துவமனை நடைவழியில் ஒரு பெண் சின்னப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். நான் வராமல்போனால் என்று கூப்பிட்டு வைத்திருந்த அடுத்த ஆள்.

"வந்துட்டீங்களா?" என்றாள்.

"வந்துட்டேன்."

"நல்லபடியா இருங்க," என்று பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். தெருவே கூவிக் கழற்றிய அந்த நட்டு, இந்த ஒருத்திக்கு மட்டும் கழலாமலே இருந்திருந்தால் நல்லதாயிருக்கும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

6

சிறுநீரகம் நின்றுபோனால் சிறுநீரும் நின்றுவிடும். வருடக்கணக்கில் எனக்கு அந்த வேலையே இல்லை. அறுவை முடிந்து கண் விழித்தபோது நர்ஸ் ஒரு பையைத் தூக்கிக் காட்டினாள். நிறைந்திருந்தது. தெல்ஃபோர் அதைப் படம் பிடித்து ஊருக்கே அனுப்பினான். நிக்கானோரிடமிருந்து உடனே பதில் வந்தது: "யோவ், சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் அந்தப் பெண் பாக்கி இருக்கிறாள். அவளுக்கு என்ன ஆனது என்று கேட்டுப் பார்த்தேன், மருத்துவமனையில் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். எழுதியும் பார்த்தேன்: "ஒரு நாள் அவள் வீட்டுத் தொலைபேசியும்..." அதற்குமேல் நகரவில்லை. நானே உண்டாக்கிய ஆள் என்றால் துணிந்து பிழைக்க வைத்துவிடுவேன். இவள் நிஜம்.

ஆகவே அவள் முடிவை நீங்கள் எழுதுங்கள். நல்ல காராகக் கொடுங்கள், முழு நட்டுகளாகப் போடுங்கள், வழியில் முள் வேண்டாம். கூட உட்கார்ந்து உதவி செய்ய எனக்கும் ஆசைதான். ஆனால் இப்போது எனக்கு ஒன்றுக்கு வருகிறது. அத்தனை வருடம் வராதது. அதைக் காக்கவைக்க மனசில்லை.