கன்னத்துச் சோதனை

மூக்குப்பொடிக் குப்பியைக் கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பதில் என்னை மிஞ்ச எங்கள் எழுத்தர் அறையில் ஆள் கிடையாது. பீக்கிங்கில் கல் வியாபாரம் செய்த என் மாமாவிடம் கற்றது அது. கல் என்றால் பத்து மூச்சு போனாலும் குளிர்ச்சி விடாது. கண்ணாடி ஐந்தாறு மூச்சிலேயே உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். என்னுடையது மனோசிலை என்னும் செம்மஞ்சள் தாதுவின் நிறத்தில் செய்த கண்ணாடி. நிஜ மனோசிலை விஷம், வெயில் பட்டால் பொடிந்து போகும், அதில் யாரும் பொடி வைத்து உறிஞ்ச மாட்டார்கள். ஆகவே அது கண்ணாடி என்று ஊருக்கே தெரியும், எனக்கு அதில் வெட்கமும் இல்லை.

சக எழுத்தன் யூகுனின் குப்பி விஷயம் வேறு. பத்து நாளைக்கு முன் மேலதிகாரி ஹெங் ஐயா தன் இடுப்பிலிருந்து அவிழ்த்து அவன் கையில் கொடுத்த வெள்ளை ஜேட் கல் குப்பி அது. தலைமை எழுத்தர் நாற்காலி காலியாக இருந்த நேரம்; குப்பி போன பக்கம்தான் நாற்காலியும் போகும். நாங்கள் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், என் கையெழுத்து அவனுடையதைவிட நல்லது. இருந்தும் அந்தப் பத்து நாளும் அவன் மூடியைத் திருகும் சத்தம் கேட்டாலே எனக்கு வயிறு எரிந்தது.

அன்று காலை ஹெங் ஐயா எங்கள் அறை அடுப்பருகே குளிர் காய்ந்துகொண்டு நின்றார். ஜன்னலோரம் மேசைமேல் யூகுனின் குப்பி சில்லிட்டுக் கிடந்தது. எங்களில் ஒருவனான குண்டன் தெஷெங்தான் என்னைக் காட்டி ஆரம்பித்தான்.

"சுங்லின் கன்னத்துல வைக்காத குப்பி இந்த அறையில இது ஒண்ணுதான் ஐயா. பாவம், ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குதாம் அவனுக்கு."

"அப்படியா? பாரேன்ப்பா," என்றார் ஐயா சிரித்துக்கொண்டே.

கொடுத்தவர் முன்னால் சோதிப்பது மரியாதை இல்லை. அது எனக்குத் தெரியாதா? ஆனால் அவரே சொல்லிவிட்டார், என் கையும் அதற்குள் நீண்டுவிட்டது. யூகுன் முறைப்படி இரண்டு கையாலும் கொடுத்தான். கன்னத்தில் வைத்து மூச்சை எண்ணினேன். நான்கு, ஐந்து. ஆறாவது மூச்சில் குளிர்ச்சி போயிற்று. ஏழாவதில் வெதுவெதுப்பு. கண்ணாடி! அவ்வளவு சந்தோஷம் எனக்கு என் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

"என்னப்பா சொல்லுது கன்னம்?" என்றார் ஐயா.

அப்போதுதான் புத்தி வந்தது. கண்ணாடி என்றால் யூகுன் முகம் மட்டுமா கறுக்கும்? கொடுத்தவர் முகம் முதலில் கறுக்கும், நாற்காலியை நான் மறந்துவிடலாம். ஜேட் என்றால் அவன் தலையில் நானே கிரீடம் வைத்த மாதிரி. எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். குப்பி மேலும் மேலும் சூடாகிக்கொண்டிருந்தது.

"ஜேட்தான் ஐயா. பனிக்கட்டி மாதிரி இருக்கு."

சொல்லும்போது நாக்கு கசந்தது. குப்பியை யூகுனிடம் நீட்டினேன். அவன் உள்ளங்கை அதை மூடியது. சூடு தெரியாமலா இருந்திருக்கும்? ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தான். முகத்தில் ஒரு சுருக்கமில்லை. நானாக இருந்தால் அந்த இடத்திலேயே உடைந்திருப்பேன். அதற்கும் அவன்மேல் பொறாமையாக இருந்தது.

"இங்க கொடு, நானும் வச்சுப் பாக்கறேன்," என்று ஐயா கையை நீட்டினார்.

பொய் இன்னும் ஒரு நிமிஷம்கூடத் தாங்காது.

"பொடி சூடேறிட்டா மணம் போயிடும் ஐயா. கொஞ்சம் ஆறட்டும், நானே எடுத்துத் தர்றேன்," என்றான் யூகுன். ஜன்னலைச் சாண் அளவு திறந்து, வெளி விளிம்பில் கிடந்த பனிக்குள் குப்பியை நிறுத்தினான். பனியிலிருந்து எடுத்தால் முதல் சில மூச்சுக்குக் கண்ணாடியும் கல்தான். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, ஐயாவுக்குத் தேநீர் ஊத்து," என்றான். என்னைவிட அவன் மூத்தவன் இல்லை.

ஊற்றினேன். ஐயா கோப்பையை வாங்கிப் பேச ஆரம்பித்தார். யூகுன் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னான். வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. வெள்ளைக்குள் வெள்ளையாகக் குப்பி மறைந்துபோய், அதன் மூடி மட்டும் தெரிந்தது.